பிக்கப் டயர் பாதி ஆயுசிலேயே தேய்கிறதா? புது டயர் போடுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

பிக்கப் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு டீசலுக்கு அடுத்த பெரிய செலவு டயர்தான். பொலிரோ பிக்கப், தோஸ்த், யோதா, டாடா ஏஸ் எதுவாக இருந்தாலும் சரி, நாலு டயரும் ஒன்றாகப் போனால் அந்த மாதம் வண்டித் தவணை கட்டுவதே இழுபறியாகிவிடும். அதனால் ஒரு டயர் பாதி ஆயுசில் மொட்டையாகும்போது வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலில் நம்மில் நிறைய பேர் செய்வது, "இந்தக் கம்பெனி டயரே சரியில்லை" என்று சொல்லி வேறு கம்பெனி டயரைப் போடுவது. கொஞ்ச நாளில் அதுவும் அதே பக்கத்தில், அதே மாதிரி தேய்ந்து நிற்கும்.

நம்ம அரக்கோணம் பக்கத்து இச்சிபுத்தூரில் இருக்கிற எம்.ஆர்.எஃப். ஆலையில் செய்த டயரோ, வடநாட்டிலிருந்து லாரி ஏறி வந்த டயரோ, அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம், கெட்டுப்போன வண்டியில் மாட்டினால் எல்லாம் ஒன்றுதான். சீக்கிரம் தேய்கிற டயருக்குப் பின்னால் வண்டியில் ஒரு கோளாறு இருக்கும், இல்லையென்றால் லோடு, இல்லையென்றால் காற்று. எது என்பதைத் தேய்ந்த அந்தப் பழைய டயரைப் பார்த்தே முக்கால்வாசி சொல்லிவிடலாம். ஆகவே டயர் கடையில் கழற்றிக் கொடுத்துவிட்டு வருவதற்கு முன் அந்த டயரை நன்றாகப் பாருங்கள், தடவிப் பாருங்கள், முடிந்தால் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது முன் இடது, எது பின் வலது என்று சாக்பீஸால் பக்கவாட்டில் எழுதி வைப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் கழற்றிக் குவித்துவிட்டால் அப்புறம் எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து "பாதி இருக்குது" என்று சொல்வதை நம்ப வேண்டாம். ட்ரெட் (ரோட்டில் படுகிற, பள்ளம் வெட்டிய ரப்பர் பகுதி) ஆழம் பார்க்கும் சின்ன கேஜ் டூல்ஸ் கடையில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: உள் ஓரம், நடு, வெளி ஓரம். உள் ஓரம்தான் எல்லோரும் விட்டுவிடுகிற இடம். வண்டி நிற்கும்போது வெளிப்பக்கம் மட்டும்தான் கண்ணில் படும், அது நன்றாக இருக்கும், உள்ளே நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். முன் டயர் என்றால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து வைத்துவிட்டுப் பாருங்கள், உள் ஓரம் தெரியும்.

டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே குறுக்கே சின்ன மேடு இருக்கும், பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்றோ முக்கோணக் குறியோ போட்டு அந்த இடத்தைக் காட்டியிருப்பார்கள். அந்த மேட்டின் உயரம் 1.6 மி.மீ. ட்ரெட் அதற்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. மழைக்காலத்தில் அதுவரை ஓட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை, 3 மி.மீ.க்குக் கீழே போனதும் மாற்றிவிடுவதுதான் லோடு வண்டிக்குச் சரி.

அளந்ததை கிலோமீட்டரோடு சேர்த்து எழுதி வையுங்கள். எடுத்துக்காட்டுக்கு, 9 மி.மீ. இருந்த டயர் 10,000 கிலோமீட்டரில் 7 மி.மீ. ஆகியிருந்தால் ஒரு மி.மீ.க்கு 5,000 கிலோமீட்டர். மீதி எவ்வளவு ஓடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நடுவில் திடீரென்று அதே டயர் 3,000 கிலோமீட்டருக்கே ஒரு மி.மீ. இழந்தால் அந்த இடைவெளியில் வண்டியில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியிருக்கலாம், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உடைந்திருக்கலாம், புது லோடு ஒப்பந்தம் பிடித்து எடை ஏறியிருக்கலாம். டயர் நூல் தெரியும்போது யோசிப்பதைவிட இப்போதே யோசிப்பது எவ்வளவோ மேல்.

தேய்ந்த விதம் என்ன சொல்கிறது

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு, அல்லது லோடு அதிகம். நடு மட்டும் தேய்ந்து ஓரம் நன்றாக இருந்தால் காற்று அதிகம். பின் டயரில் நடு தேய்வது, லோடுக்கு ஏற்றின காற்றோடு பெரும்பாலும் காலி வண்டியாகவே ஓடுகிறவர்களுக்கு வரும். இந்த இரண்டும் எளிது, எல்லோருக்கும் தெரிந்ததும்கூட.

ஒரு ஓரம் மட்டும் தேய்வதில்தான் குழப்பம். இதற்குக் கையால் தடவிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை வேறில்லை. வண்டியை நிறுத்தி, டயர் ஆறியதும், உள்ளங்கையை ட்ரெட்டின் மேல் வைத்து வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்குக் குறுக்காக மெதுவாக இழுங்கள். பிறகு அதே மாதிரி உள்ளிருந்து வெளியே இழுங்கள். நூல் கம்பி வெளியே வந்திருந்தால் கையைக் கிழித்துவிடும், அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு திசையிலும் வழவழப்பாக இருந்து, ஒரு ஓரம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் அது கேம்பர், அதாவது சக்கரத்தின் உச்சி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கிறது. ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல்லைத் தடவுவது போலவும் இருந்தால் அது டோ, அதாவது இரண்டு முன் சக்கரமும் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ பார்க்கின்றன. வெளியிலிருந்து உள்ளே இழுக்கும்போது வழவழப்பு, உள்ளிருந்து வெளியே வரும்போது சொரசொரப்பு என்றால் டோ-இன் அதிகம். நேர்மாறாக இருந்தால் டோ-அவுட்.

டோ கொஞ்சம் தவறினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். 15 அங்குல ரிம்மில், இரண்டு முன் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் சக்கரத்தின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இருக்க வேண்டியதைவிட 3 மி.மீ. கூடுதலாக வித்தியாசப்படுகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் ஒவ்வொரு முன் சக்கரமும் 1 கிலோமீட்டர் ஓடுவதற்குள் கிட்டத்தட்ட 4 மீட்டர் பக்கவாட்டில் ரோட்டோடு உரசிக்கொண்டே போகிறது. வேலூரிலிருந்து சென்னைக்கு ஒருவழி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அந்த ஒரு நடைக்குள் டயர் அரை கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்க்கப்பட்டிருக்கும், அதுவும் மே மாதத்து 48-ஆம் எண் நெடுஞ்சாலையின் சூட்டில்.

டயரைச் சுற்றி அங்கங்கே குழி குழியாக, ஒரு மேடு ஒரு பள்ளம் என்று அலை மாதிரி தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று முதலில் சந்தேகப்படுங்கள். எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அடுத்தது வீல் பேலன்சிங், அதற்கடுத்தது பேரிங். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வட்டமாக, தட்டையாகத் தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்தபோது அந்தச் சக்கரம் சுற்றாமல் நின்று இழுபட்டிருக்கிறது.

காற்று

டயர் தேய்வில் இதைவிட மலிவாகச் சரி செய்யக்கூடியது வேறெதுவும் இல்லை, இதைவிட அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் வேறெதுவும் இல்லை. முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, காலியாக எவ்வளவு, லோடோடு எவ்வளவு என்று வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும், பல வண்டிகளில் டிரைவர் கதவோரம் ஸ்டிக்கராகவும் இருக்கும். பஞ்சர் கடைக்காரர் "எவ்ளோ வெக்கட்டும்?" என்று கேட்டால் அந்த எண்ணைச் சொல்லத் தெரிய வேண்டும். "நீயே பாத்து வைப்பா" என்றால் அவர் எல்லா வண்டிக்கும் வைக்கிற அளவை வைத்துவிடுவார், அது அவர் தப்பு இல்லை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், வெயில் படுவதற்கு முன். 50 பி.எஸ்.ஐ. இருக்கிற டயரில் சூடு 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 2 பி.எஸ்.ஐ. ஏறும். கத்தரி வெயிலில் வாலாஜா சுங்கச்சாவடியிலிருந்து பள்ளிகொண்டா வரை லோடோடு வந்து பார்த்தால் கேஜில் எண் நிறையவே கூடியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடுகிற பழக்கம் நம் பக்கம் ரொம்ப இருக்கிறது. செய்யாதீர்கள். டயர் ஆறியதும் அது தேவையான அளவுக்குக் கீழே போய்விடும். அப்புறம் அந்தக் குறைந்த காற்றோடு ஓடும்போது பக்கவாட்டுச் சுவர் அதிகமாக மடங்கி மடங்கி இன்னும் சூடாகும். தேய்வது மட்டுமல்ல, நெடுஞ்சாலையில் வெடிக்கிற டயர்களில் நிறைய இப்படித்தான் போகின்றன. வெயிலுக்கு ஊரே பேர் போன இடத்தில் வண்டி ஓட்டுகிற நமக்கு இது விளையாட்டு இல்லை.

சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். பங்கில் இருக்கும் மீட்டர் கீழே விழுந்து அடிபட்டதாக இருக்கலாம், ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு எண் காட்டலாம். ஒரே கேஜில் எப்போதும் பார்த்தால் ஏறினதும் இறங்கினதும் சரியாகத் தெரியும். வால்வு மூடி இல்லாமல் ஓட்ட வேண்டாம், நம் மண் ரோட்டுத் தூசி வால்வுக்குள் போனால் மெதுவாகக் கசிய ஆரம்பிக்கும். நைட்ரஜன் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் வாரா வாரம் சாதாரண காற்றைச் சரியாகப் பார்த்து வைக்கிறவருக்கு அது தேவையும் இல்லை.

லோடு

இதைச் சொன்னால் பிடிக்காது, ஆனாலும் சொல்ல வேண்டும். பிக்கப் டயர் சீக்கிரம் தேய்வதற்கு அலைன்மென்ட்டுக்கு இணையான காரணம் அதிக லோடு. ஆற்காடு பக்கம் அரிசி மூட்டை, குடியாத்தம் பக்கம் தேங்காய், ஆம்பூர் ராணிப்பேட்டைக்கு ஈரத்தோல், கட்டட வேலைக்குச் செங்கல், ஜல்லி. பார்க்கக் கொஞ்சமாக இருக்கும், எடை ஏறிப்போயிருக்கும். ஈரத்தோலும் ஈர மணலும் தண்ணீரின் எடையையும் சேர்த்துக் கொண்டுவரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதுதான் லோடு இண்டெக்ஸ். 102 என்று போட்டிருந்தால் அந்த டயர் தாங்குவது 850 கிலோ, அதுவும் சொன்ன முழுக் காற்று இருந்தால். பின்னால் இரண்டு டயர் என்றால் 1,700 கிலோ. இதில் வண்டியின் பின்பக்கத்துச் சொந்த எடையும் அடக்கம் என்பதைக் கவனியுங்கள், சரக்கு மட்டும் 1,700 கிலோ இல்லை. சந்தேகம் இருந்தால் எடை மேடையில் ஒரு தடவை முழு வண்டியையும் ஏற்றி எடை பாருங்கள், அப்புறம் பின் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி நிறுத்தி இன்னொரு தடவை பாருங்கள். பின் ஆக்ஸிலில் எவ்வளவு உட்காருகிறது என்று அப்போது தெரியும். முழு எடை ஆர்.சி.யில் போட்ட அளவுக்குள் இருந்தும் பின் ஆக்ஸிலில் மட்டும் அளவு மீறியிருப்பது சாதாரணமாக நடக்கிறது, சரக்கை எல்லாம் டெயில் கதவுப் பக்கமாகவே அடுக்கினால் அப்படித்தான் ஆகும். கனமானதை கேபினை ஒட்டி, கீழே, இரண்டு பக்கமும் சமமாக வைத்தால் முன் டயரும் ரோட்டைச் சரியாகப் பிடிக்கும்.

பின்னால் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுவிட்டால் லோடு தாங்கும் என்று சொல்லிச் செய்து கொடுப்பார்கள். வண்டி உட்காராமல் நிற்கும், உண்மைதான். ஆனால் டயர், பேரிங், ஹவுசிங் (பின் ஆக்ஸிலின் கூடு), பிரேக் எதுவும் கூடவில்லை. அது மட்டுமல்ல, பல பிக்கப்களில் பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று ஒரு வால்வு முடிவு செய்கிறது. பட்டை போட்டுத் தூக்கிவிட்டால் லோடு இருந்தும் வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும். அந்த வால்வின் கம்பியைக் கட்டிவைத்துவிட்டால் இதற்கு நேர்மாறாக, காலி வண்டியில் பின் சக்கரம் பிரேக் போட்டதும் நின்று இழுபட்டு டயரில் தட்டை விழும். இது டயர் செலவையும் தாண்டிய ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். அளவுக்கு மேல் லோடு ஏற்றினால் சட்டப்படி அபராதமே 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது, அதற்கு மேல் கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு நடைக்குக் கூடுதலாகக் கிடைக்கிற வாடகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அலைன்மென்ட்டுக்குப் போவதற்கு முன்

நிறைய பேர் நேராக அலைன்மென்ட் கடைக்குப் போய்விடுகிறார்கள். முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற கிங் பின், டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், பேரிங் இதில் ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல மெஷினில் செட் செய்தாலும் கடையை விட்டு வெளியே வந்து முதல் பள்ளத்தில் அது மாறிவிடும். முதலில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், இதை வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே ஸ்டாண்டு வையுங்கள். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் கூட இருக்கிறவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். பிறகு இடமும் வலமும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள், அதில் ஆட்டம் வந்தால் டை ராட் எண்ட் அல்லது ஸ்டீயரிங் பாக்ஸ். இந்த ஒரு சோதனையைத் தெரிந்துவைத்துக்கொண்டால் மெக்கானிக் என்ன மாற்றச் சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்பது உங்களுக்கும் புரியும்.

கிங் பின் புஷ் தேயாமல் இருக்க கிரீஸ் அடிப்பதுதான் ஒரே வழி. கிரீஸ் நிப்பிள் இருக்கிற வண்டி என்றால் சர்வீஸின்போது அடித்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வர வேண்டும். மழையில், ஏரிக்கரை ரோட்டில், சேற்றில் ஓடின பிறகு மறுபடி அடிப்பது நல்லது.

அலைன்மென்ட் கடையில் வண்டியை விடும்போது நாலு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், ஸ்டீயரிங் நேராக இருக்கும்படி செட் செய்யச் சொல்ல வேண்டும், செய்வதற்கு முன் என்ன அளவு இருந்தது, பின் என்ன அளவு வந்தது என்கிற பிரிண்டைக் கேட்டு வாங்க வேண்டும். முன்னால் நேர் ஆக்ஸிலும் பட்டையும் இருக்கிற வண்டிகளில் சாதாரணமாகச் செட் செய்ய முடிவது டோ மட்டும்தான். கேம்பர் தவறியிருந்தால் கிங் பின் தேய்ந்திருக்கிறது அல்லது ஆக்ஸில் வளைந்திருக்கிறது, மெஷினில் சரி செய்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் எதைச் செய்தீர்கள் என்று கேளுங்கள்.

கடைக்குப் போக நேரமில்லை, டோ சரியாக இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் சாக்பீஸும் டேப்பும் போதும். முன் சக்கரம் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றவிட்டு ட்ரெட்டின் நடுவில் மெல்லிய கோடு போடுங்கள். இறக்கிவிட்டு வண்டியை இரண்டு மூன்று மீட்டர் முன்னே தள்ளி, ஸ்டீயரிங் நேராக இருக்க நிறுத்துங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை டயரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரத்தில் அளக்க வேண்டும். வித்தியாசம்தான் டோ. முன்பக்கம் குறைவாக இருந்தால் டோ-இன். கையேட்டில் சொன்ன அளவோடு ஒப்பிட்டால் கடைக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

யாரும் பார்க்காத இடம்: பின் ஆக்ஸில்

முன்பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் டயர் தேய்கிறது, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால் பின் ஆக்ஸிலைப் பாருங்கள். பேரணாம்பட்டு பக்கம் தேங்காய் லோடு ஓட்டுகிற ஒரு அண்ணன், "இன்னாபா இது, அலைன்மென்ட் பண்ணியாச்சு, டயர மாத்தியாச்சு, மறுபடி அதே கதைதான்" என்று நொந்துபோய்ச் சொன்னார். அவர் வண்டி முன்னால் போகும்போது பின்னால் இருந்து பார்த்தால் போதும், வண்டி நேராகப் போகவில்லை, உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு போனது. படுத்துப் பார்த்தால் இடது பின் பட்டையின் நடுவில் கோர்க்கிற சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் அந்தப் பக்கம் பின்னுக்கு நகர்ந்திருந்தது. ஹவுசிங் உட்கார்ந்த பழைய இடத்தில் பட்டை மேல் பளபளவென்று புது உரசல் தெரிந்தது, துரு இல்லாமல், கை விரல் அகலத்துக்கு. முன் அலைன்மென்ட் மெஷினில் எத்தனை தடவை ஏற்றினாலும் அது தெரிந்திருக்காது.

இதைச் சோதிக்க டேப் போதும். பின் பட்டையின் முன் பக்கத்துக் கண் போல்ட்டிலிருந்து ஆக்ஸில் ஹவுசிங் வரை இடது பக்கம் அளங்கள், வலது பக்கமும் அதே புள்ளியிலிருந்து அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருந்தால் சென்டர் போல்ட், யு போல்ட், ஷேக்கிள் புஷ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சென்டர் போல்ட் தானாக அறுவதில்லை. பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கிற யு போல்ட் லூசானால் பட்டை நகர ஆரம்பித்து முழு இழுப்பும் அந்தச் சின்ன போல்ட்டின் மேல் விழுகிறது, அதனால்தான் அறுகிறது. பட்டை வேலை செய்து வந்தால் சில நாள் லோடு ஓடின பிறகு யு போல்ட்டை மறுபடி டைட் வைக்க வேண்டும். அடித்துக் கொடுத்த பட்டறையில் இதைச் சொல்லாமல் விட்டாலும் நீங்கள் போய்க் கேட்டு வையுங்கள்.

பிரேக்கும் ஓட்டும் விதமும்

ஒரு டயர் மட்டும் மற்ற மூன்றையும்விட வேகமாகத் தேய்ந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு நடை ஓடிவிட்டு நிறுத்தினதும் நாலு சக்கரத்துப் பக்கமும் போய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கருகல் வாசனை வந்தாலோ, கையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே அனல் அடித்தாலோ அதுதான். டிரம்மைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்குகிறதா என்பதையும் பாருங்கள், கேபிள் துருப்பிடித்து ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டே இருப்பது பழைய வண்டிகளில் வழக்கம்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலோ ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைப் பக்கமோ லோடோடு ஏறி இறங்குகிறவர்கள் இறக்கத்தில் சின்ன கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கிற மாதிரி இறக்குங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக் போடுவதைவிட வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தால் வெளி ஓரம் தேய்வது நன்றாகக் குறையும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருகாதீர்கள், வேலூர் நேதாஜி மார்க்கெட் மாதிரி நெருக்கடியில் லோடு இறக்கும்போது வேறு வழியில்லை என்று தோன்றும், ஆனால் வண்டி ஒரு அடியாவது உருளும்போது திருப்பினால் போதும், டயர் ஒரே இடத்தில் அரைபடாது.

இடம் மாற்றுவதும் புது டயரும்

பின் சக்கரம் இழுக்கிற பிக்கப்பில் பின் டயர் இரண்டையும் அதே பக்கம் நேராக முன்னுக்குக் கொண்டுவாருங்கள், முன் டயர் இரண்டையும் குறுக்காகப் பின்னுக்குப் போடுங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செய்தால் நாலும் ஒரே சீராகத் தேயும். பக்கவாட்டில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாற்றக் கூடாது, முன் பின் மட்டும் மாற்றலாம். ஆனால் கோளாறைச் சரி செய்யாமல் இடம் மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒன்றுக்குப் பதில் நாலு டயரும் கெடும். முதலில் காரணம், அப்புறம் இடமாற்றம்.

புது டயர் வாங்கும்போது வண்டிக்குச் சொன்ன அதே அளவும் அதே பி.ஆர்.-உம் (பிளை ரேட்டிங், டயரின் பலத்தைக் காட்டும் எண்) இருக்க வேண்டும். தோஸ்துக்கு 185 ஆர்14 8 பி.ஆர்., ஏஸுக்கு 145 ஆர்12 8 பி.ஆர். என்று வருகிற இடத்தில், விலை குறைவு என்று கார் டயரை மாட்டினால் பக்கச் சுவர் தாங்காது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. கடையில் வருடக்கணக்கில் கிடந்த டயரை நல்ல தள்ளுபடி என்று வாங்க வேண்டாம், நம் ஊர் வெயிலில் ஷட்டருக்குள் கிடந்தே ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஒரே ஆக்ஸிலில் ரேடியலும் நைலானும் கலக்காதீர்கள். ரீட்ரெட் செய்த டயரை முன்பக்கம் போடாதீர்கள். இரண்டு புது டயர் மட்டும்தான் வாங்க முடிகிறது என்றால் அவற்றைப் பின்னால் போடுங்கள். ஈர ரோட்டில் பின்பக்கம் பிடிப்பு விட்டுப் போனால் வண்டியைக் காப்பாற்றுவது கஷ்டம்.

டயரில் வீக்கம் விட்டிருந்தால், ட்ரெட் உரிந்து வந்தால், அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம். பில்லை எடுத்துக்கொண்டு வாங்கின கடையிலேயே கிளெய்முக்குக் கொடுங்கள். ஒரு ஓரம் தேய்ந்த டயரைக் கொண்டுபோனால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது வண்டியின் கோளாறு என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

புது டயர் மாட்டின அன்றே வால்வையும் புதிதாகப் போட்டு, பேலன்சிங் செய்து, அலைன்மென்ட் பார்த்து, நாலு டயரிலும் மூன்று இடத்து ஆழத்தையும் கிலோமீட்டரையும் எழுதிவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டுகளை மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள். 2,000 கிலோமீட்டரில் மறுபடி அளந்து பாருங்கள். உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் ஒரு மி.மீ. வித்தியாசம் அதற்குள் வந்திருந்தால் ஏதோ ஒரு கோளாறு இன்னும் மிச்சம் இருக்கிறது, அதே வாரத்தில் ஜாக்கி போட்டுக் கீழே படுத்துப் பாருங்கள்.